மூன்றாம் நாள் கதாநாயகி

2015 நவம்பர் 15 — 310
2016 நவம்பர் 13 — 285
2017 நவம்பர் 12 — 340
2018 நவம்பர் 11 — 295
2019 நவம்பர் 10 — 365
2020, 2021 — நாடகம் இல்லை
2022 நவம்பர் 13 — 410
2023 நவம்பர் 12 — 455
2024 நவம்பர் 10 — 470
2025 நவம்பர் 9 — 900

இவை எங்கள் நாடகச் சங்கத்தின் மூன்றாம் நாள் வசூல். கடைசி எண் மட்டும் ஏன் இப்படிக் குதித்தது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் மூன்றாம் நாள் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுகிறோம். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ஆட்டம். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு நடிகர், ஒரு பதிலாள். பதிலாள் எல்லா ஒத்திகைக்கும் வர வேண்டும், முழு வசனத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்குக் கூலியாக ஞாயிறு ஆட்டம் முழுக்கப் பதிலாட்களுக்கு. “ஓரமா உட்கார்ந்து பார்த்துட்டு வீட்டுக்குப் போறவன் அடுத்த வருஷம் வரமாட்டான்” என்று சங்கத்தை ஆரம்பித்தவர் போட்ட விதி இது. அன்றைக்கு அரைக் கட்டணம். பதிலாட்களின் வீட்டார்தான் வருவார்கள். அதனால் ஊரில் அதற்குச் சொந்தக்காரர் ஆட்டம் என்று பெயர்.

அரங்கம் பழைய பனிக்கட்டித் தொழிற்சாலை. தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். மேடையில் பந்து, ஆப்பிள், உருளையான எதையும் வைக்க மாட்டோம். வைத்தால் முன்வரிசைக்காரர் மடியில் போய் நிற்கும். இருக்கைகள் நூற்றெண்பது.

நான் சொல்ல வந்த பெண்மணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சொந்தப் பயிற்சிப் பள்ளி, ஒரே ஒரு கார். 2015இல் அவரிடம் பயின்ற மாணவர் ஒருவர் எங்கள் வாசலில் இருந்த விளம்பரப் பலகையை இடித்துத் தள்ளினார். மன்னிப்புக் கேட்க உள்ளே வந்தார் அந்த அம்மாள். அன்று நடிகர் தேர்வு நாள். தேர்வு நாளில் வாசற்படி தாண்டுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு பக்கம் படித்துக் காட்டச் சொல்வது எங்கள் வழக்கம். பால் கணக்குக் கேட்க வந்தவரைக்கூட விட்டதில்லை. இவரும் படித்தார். பலகையின் விலையை வாங்க மறந்துவிட்டோம்.

அவருக்குக் கிளட்ச் அக்கா என்று பெயர் வந்தது முதல் ஒத்திகையிலேயே. எதிரே நடித்தவர் ஒரு வசனத்தை முழுங்கிவிட்டு அடுத்ததுக்குத் தாவியதும், கியர் மாற்றத் தடுமாறும் மாணவரை அதட்டுவதுபோல, “கிளட்ச்! கிளட்ச்!” என்று கத்திவிட்டார். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில், மேடையில் யாராவது தடுமாறினால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அந்த இடத்தில் வண்ணம் தேய்ந்துபோய் மரம் தெரிந்தது.

சங்கத்தின் முதல் கதாநாயகி அவருடைய நாத்தனார். மருந்துக்கடை வைத்திருப்பவர். நல்ல உயரம், நல்ல குரல், அந்த இரண்டும் தனக்கு இருப்பது நன்றாகத் தெரிந்தவர். அக்கா சேர்ந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு நாடகத்திலும் நாத்தனாருக்குப் பதிலாள் அவர்தான். வெள்ளி, சனி நாத்தனார், ஞாயிறு அண்ணி.

“அண்ணி, எனக்கு ஜலதோஷம் வரும்னு காத்திருக்காதீங்க. கடையே என்னுதுதான்” என்பார் நாத்தனார்.

“உனக்கு ஏன்டி ஜலதோஷம் வரணும்? வெள்ளிக்கிழமை நீ ஒழுங்கா ஆடினாதானே ஞாயித்துக்கிழமை நான் எதைத் திருத்தணும்னு எனக்குத் தெரியும்!”

அக்கா வசனம் படிப்பது காரில். மாணவர் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பார். மாணவர்களுக்கும் பாதி நாடகம் மனப்பாடம் ஆகிவிடும். ஓட்டுநர் தேர்வில் ஒரு பெண்ணிடம் அதிகாரி, “வலது பக்கம் திருப்புங்க” என்றாராம். பதற்றத்தில் அந்தப் பெண், “இந்த வீட்டை விட்டு நான் எங்கேயும் போக மாட்டேன்!” என்றாளாம். சொல்லிக்கொண்டே வலது பக்கம் சரியாகத் திருப்பினாள், தேறிவிட்டாள்.

எல்லாம் சிரிப்புதான். ஆனால் அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. ஊர் ஊராகப் போய் ஆடும் தொழில்முறைக் குழு ஒன்று, ஒவ்வொரு வருஷமும் எங்களைப் போன்ற சிறிய சங்கங்களிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்ளும். ஏழு மாதப் பயணம், சம்பளம், பெரிய மேடைகள். ஒருமுறையாவது அதில் நடிக்க வேண்டும் என்பதுதான் அது. இரண்டு முறை புகைப்படத்தோடு விண்ணப்பித்தார். 2023 ஜனவரியில் ஒரு மறுப்பு, 2024 ஜனவரியில் ஒரு மறுப்பு. இரண்டும் மரியாதையான கடிதங்கள். மூன்றாம் முறை விண்ணப்பித்தபோது கணவரிடம் சொல்லிவிட்டார்: “இதுவும் இல்லைன்னா விட்டுடறேன். ரெண்டாவது கார் வாங்கி, ராத்திரி வகுப்பும் ஆரம்பிச்சுடலாம்.” அப்படி ஆரம்பித்தால் ஒத்திகைக்கு வர முடியாது. சங்கத்துக்கும் சேர்த்துத்தான் அந்த முழுக்கு.

கணவர் பூட்டுக்காரர். சாவி செய்வது, திறக்காத கதவைத் திறப்பது. மனைவியிடமே கார் ஓட்டக் கற்று, மூன்று முறை தேர்வில் தோற்று, “இது பூட்டில்லாத கதவு, எனக்குச் சரிப்படாது” என்று விட்டுவிட்டவர்.

2024இல் குழு ஒரு மாறுதல் செய்தது. இனிப் புகைப்படம் வேண்டாம், நாடகத்தை நேரில் பார்த்தே எடுப்போம் என்று எழுதினார்கள். எங்கள் செயற்குழு கூடி, வெள்ளி அல்லது சனி வரும்படி அவர்களை அழைத்தது. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. சங்கத்தின் மானத்தைச் சொந்தக்காரர் ஆட்டத்தில் வைக்க யாருக்கும் துணிவில்லை. அக்கா கூட்டத்தில் இருந்தார். அவர் கால் தரையை அழுத்தியது.

அந்த வருஷ நாடகம் ஒரு வீட்டுக்காரம்மாவையும் இருபது வருஷ வாடகைக்காரரையும் பற்றியது. அவரைக் காலி செய்ய வைக்க வந்த வீட்டுக்காரம்மா, கடைசியில் வாடகையைக் குறைத்துவிட்டுப் போகிறார். எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியது. சிரிக்கவும் வைக்கும், ஒரே ஓர் இடத்தில் தொண்டையை அடைக்கவும் செய்யும்.

வெள்ளிக்கிழமை முன்வரிசையில் வெள்ளைத் துணி விரித்த நாற்காலி ஒன்று குழுவின் இயக்குநருக்காகக் காத்திருந்தது. அவர் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. நாத்தனார் இரண்டு நாளும் வாடகைக்காரரைப் பார்க்காமல் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தே வசனம் பேசினார்.

சனி இரவு அக்கா கணவரிடம், “நாளைக்கு ஆடிடறேன். திங்கக்கிழமை கார் கம்பெனிக்குப் போயிடலாம்” என்றாராம்.

ஞாயிறு மதியம் டிக்கெட் மேசையில் நான் இருந்தேன். குட்டை முடி வைத்த ஓர் அம்மாள், தோளில் பெரிய துணிப்பையோடு வந்தார்.

“இன்னிக்குத்தானே அரை டிக்கெட்?”

“ஆமாம்மா.”

“போஸ்டர்ல பார்த்தேன். ஒரே நாடகத்துக்கு முழு டிக்கெட் எதுக்கு?”

அந்தச் சுவரொட்டியின் வாசகத்தை எழுதியவன் நான். ‘ஞாயிறு அரைக் கட்டணம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தேன். பதிலாட்கள் நடிப்பார்கள் என்று போட இடமில்லை. ஊரில்தான் எல்லாருக்கும் தெரியுமே என்று விட்டுவிட்டோம். வெளியூர்க்காரர் ஒருவர் சுவரொட்டியைப் படித்துவிட்டு வரக்கூடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் நான்காம் வரிசையில் உட்கார்ந்தார். அண்ணியின் ஆட்டத்தில் குறை கண்டுபிடிக்க வழக்கம்போல வந்திருந்த நாத்தனாருக்கு அவர் பக்கத்து இருக்கை. தலைகளை எண்ணுவதற்கு வசதியாக நான் எப்போதும் ஐந்தாம் வரிசையில் உட்காருவேன். ஆகவே இருவர் பேச்சும் எனக்குக் கேட்டது.

“அந்தப் பையைக் கீழ வைங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது. நீங்க ஊருக்குப் புதுசா?”

“ஆமா.”

“அடடா, நேத்து வந்திருக்கணும் நீங்க! இன்னிக்கு ஆடறதெல்லாம் பதிலாளுங்க. நேத்து நான்தான் வீட்டுக்காரம்மா.”

“அப்படியா? இன்னிக்கு யாரு?”

“எங்க அண்ணி. கார் ஓட்டச் சொல்லித் தர்றவங்க. நல்லவங்கதான். ஆனா குரல் பத்தாது.”

திரை தூக்கினார்கள். வாடகைக்காரராக நடித்தவர் எங்கள் ஊர்ப் பல் டாக்டர். முதல் முறையாக மேடை ஏறியவர். முதல் காட்சி நன்றாகவே போனது. இரண்டாவது காட்சியில்தான் அந்தத் தொண்டை அடைக்கும் இடம். ஏன் காலி செய்ய மாட்டேன் என்கிறீர் என்று வீட்டுக்காரம்மா கேட்க, வாடகைக்காரர் சொல்ல வேண்டும்: “ராத்திரி விளக்கைப் போட்டா எதிர்ச் சுவத்துல என் நிழல் விழுது. இருபது வருஷமா எனக்குத் துணை அதுதான்.”

அக்கா கேள்வியைக் கேட்டார். டாக்டரிடமிருந்து பதில் இல்லை. ஊரார் எல்லாரையும் வாயைத் திறக்க வைக்கிறவர், தன் வாயைத் திறக்க முடியாமல் நின்றார். நெற்றி வியர்த்தது. ஓரத்தில் வசனப் புத்தகம் வைத்திருந்தவர் மெல்ல அடி எடுத்துக் கொடுத்தார். டாக்டர் காதில் அது விழவில்லை. என் முன்னால் நாத்தனார் இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டார். “சொல்லிடுங்க அண்ணி, அவர் வசனத்தையும் நீங்களே சொல்லிடுங்க” என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அக்கா சொல்லவில்லை. கால் தரையை ஒருமுறை அழுத்தியது. பிறகு மெல்ல நடந்துபோய், சுவரில் இருந்த விளக்குப் பொத்தானைத் தட்டி அணைத்தார். மறுபடி போட்டார். வீட்டுக்காரம்மாவின் அதே கறார்க் குரலில்,

“சரி, அதை விடுங்க. ராத்திரி முழுக்க இந்த விளக்கு எதுக்கு எரியுது? தூங்கற மனுஷனுக்கு விளக்கு எதுக்கு? யாரைப் பார்க்கறதுக்கு?”

இது நாடகத்தில் இல்லாத வசனம். டாக்டர் விளக்கைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். உண்மையிலேயே அங்கே அவர் நிழல் விழுந்திருந்தது.

“என்... என் நிழலைத்தான் பார்க்கறேன்” என்றார். “இருபது வருஷமா எனக்குத் துணை அதுதாம்மா.”

எழுதியிருந்ததைவிட அது நன்றாக இருந்தது. எழுதிய ஆசிரியரே பின்னால் ஒப்புக்கொண்டார். டாக்டரின் மனைவி ஓவென்று அழுதுவிட்டார். தொண்ணூற்று நான்கு பேரின் கைதட்டலில் பழைய தொழிற்சாலையின் தகரக் கூரை அதிர்ந்தது.

குட்டை முடி அம்மாள் நாத்தனார் பக்கம் திரும்பி, “ஏன் அவங்களே அந்த வரியைச் சொல்லிடல? நீங்களா இருந்தா?” என்று கேட்டார்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் சொல்லிட்டுப் போயிருப்பேன். எங்க அண்ணி ஸ்டியரிங்கைப் பிடுங்க மாட்டாங்க. எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் குடுத்தப்பவும் அப்படித்தான். நான் சுவத்துல மோதப் போறேன், ‘அடுத்த வளைவு எந்தப் பக்கம்?’னு கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “இருந்தாலும் அந்த விளக்குப் பொத்தானைத் தட்டற ஸ்டைல் என்னோடதுதான்” என்று சேர்த்துக்கொண்டார்.

நாடகம் முடிந்து கூட்டம் கலைந்தது. குட்டை முடி அம்மாள் என் மேசைக்கு வந்தார்.

“டிக்கெட்டுக்கு ஒரு ரசீது வேணும். கம்பெனிக் கணக்குல காட்டணும்.”

“எந்தப் பேருக்கும்மா?”

அவர் அந்தக் குழுவின் பெயரைச் சொன்னார். என் பேனா நின்றுவிட்டது. நாற்பத்தோரு வருஷம் குடிநீர் அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன், பாதி எழுத்தில் பேனா நின்றது அன்றுதான்.

“நீங்க வெள்ளிக்கிழமை வருவீங்கன்னு முன்வரிசையில நாற்காலி போட்டு...”

“நாற்காலி போட்டு வெச்சா எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் நடிப்பாங்க. எனக்கு அது வேண்டாம்.” பையிலிருந்து குறிப்பேடு எடுத்து அக்காவின் வயது, தொழில், எத்தனை வருஷமாக நடிக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டார். போகும்போது, “இன்னும் மூணு ஊர் பார்க்கணும். முடிவாகப் பிப்ரவரி ஆயிடும், அதுவரைக்கும் அவங்ககிட்ட சொல்லாதீங்க. ஆசை காட்டி மோசம் பண்ணக் கூடாது” என்றார்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. மறுநாள் அக்கா கார் கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஏழு மாதம் ஊரைவிட்டுப் போவது எப்படி? வங்கிக் கடனை யார் கட்டுவது? வீட்டுக்குப் போகும் வழியில் பூட்டுக்காரர் கடைக்குப் போனேன்.

“ரெண்டாவது கார் வாங்கறதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்.”

“ஏன் ஐயா?”

“காரணம் சொல்ல முடியாது.”

அவர் அரத்தைக் கீழே வைத்தார். “காரணம் இல்லாம நீங்க மழைக்குக்கூடக் குடை விரிக்க மாட்டீங்களே. எதுவரைக்கும் தள்ளணும்?”

“பிப்ரவரி முடியட்டும்.”

“சரி. அந்தக் கார் நிறம் பிடிக்கலைன்னு நாளைக்குச் சண்டை போடறேன்.”

சண்டை போட்டார். பிடிவாதமாகப் போட்டார். அவர்கள் மகள் வந்து என்னிடம் புகார் சொன்னாள்: “அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு தாத்தா. ஓட்டவே தெரியாதவர், பச்சைக் கார்தான் வேணும், அதுவும் இந்தப் பச்சை இல்லை, வேற பச்சைன்னு உட்கார்ந்திருக்கார்.”

2025 ஜனவரி 21ஆம் தேதி குழுவிடமிருந்து முதல் கடிதம் வந்தது. இருவரைத் தேர்ந்து வைத்திருக்கிறோம், அதில் நீங்கள் ஒருவர், ஏழு மாதம் வர இயலுமா என்று உடனே தெரிவிக்கவும், இறுதி முடிவைப் பிப்ரவரியில் எழுதுவோம் என்றது அது. இயக்குநர் நாடகம் பார்த்த தேதியும், உட்கார்ந்த வரிசையும் அதில் இருந்தன.

செய்தி கேட்டு வந்த நாத்தனார் கடிதத்தை வாங்கிப் படித்தார். முகம் மாறியது.

“நாலாவது வரிசையா? அந்தக் குட்டை முடி அம்மாவா? ஐயோ! பையைக் கீழ வைங்கன்னு அவங்களைத் திட்டினேனே! உங்களுக்குக் குரல் பத்தாதுன்னு வேற சொன்னேன் அண்ணி!”

“அது உண்மைதானே” என்றார் அக்கா.

நாத்தனார் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பல வருஷம் முதல் நாள் கதாநாயகியாக இருந்தவர். காலி நாற்காலிக்கு இரண்டு நாள் நடித்தவர். அவருக்கு வருத்தம் இருக்காதா? நான்கு நாள் அண்ணி வீட்டுப் பக்கமே வரவில்லை. அக்காவுக்கு அதுவே பெரிய கவலையாகிவிட்டது. சம்மதக் கடிதத்தை எழுதி வைத்துவிட்டு அஞ்சலில் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

“அவ மனசு கசந்து நான் போய் ஆடி என்ன ஆகப்போகுது?” என்றார் கணவரிடம்.

ஐந்தாம் நாள் மாலை நாத்தனார் வந்தார். கையில் ஒரு பெட்டி. திறந்தால், வரிசையாகச் சின்னச் சின்ன டப்பாக்கள். தொண்டைக் கட்டுக்கு, பயண வாந்திக்கு, தலைவலிக்கு, கொசுக்கடிக்கு. ஒவ்வொன்றின் மேலும் எப்போது, எத்தனை என்று எழுதி ஒட்டியிருந்தது.

“ஏழு மாசத்துக்கு இது போதும். குரலுக்கு இந்த நீல டப்பா. தினம் ரெண்டு வேளை, மறந்துடாதீங்க.”

“இன்னும் முடிவே ஆகலைடி. ரெண்டு பேர்ல ஒருத்தர்னுதானே எழுதியிருக்காங்க?”

“ஆகாட்டாக் கடையில திருப்பி வெச்சு வித்துடறேன். இப்ப என்ன?” பெட்டியை மூடினார். “நாலு நாள் அழுதேன் அண்ணி. அது முடிஞ்சுபோச்சு. அந்தக் கடிதத்தை இன்னும் தபால்ல போடலையாமே? குடுங்க இங்க.”

அவரே கொண்டுபோய்ப் போட்டார்.

பள்ளியை என்ன செய்வது என்ற பேச்சு அடுத்து வந்தது. கற்றுக்கொடுக்க ஏற்கெனவே ஓர் உதவியாளர் இருந்தார். மாணவர் பதிவும் நேர ஒதுக்கீடும் பார்க்கத்தான் ஆள் வேண்டும். பூட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நான் எதுக்கு இருக்கேன்?” என்றார்.

“மூணு தடவை தோத்தவர் வாசல்ல உட்கார்ந்திருந்தா எவன்ப்பா சேருவான்?” என்றாள் மகள்.

“என்னைப் பார்த்தாத்தான் மத்தவங்களுக்குத் தைரியம் வரும். போடி!”

பிப்ரவரி வந்தது. அக்கா வழக்கம்போல வகுப்பு எடுத்தார். ஆனால் தெருமுனையில் தபால்காரரைக் கண்டால் மாணவரை வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, அது பயிற்சியின் ஒரு பகுதி என்று சாதித்தார். மாணவர்கள் எல்லாருக்கும் அந்த மாதம் ஓரம் கட்டுவது மட்டும் அபாரமாக வந்துவிட்டது.

கடிதம் வந்தபோது பள்ளியின் முன்னறையில் குடும்பமே இருந்தது. சங்கக் காரியமாகப் போயிருந்த நானும் இருந்தேன். அக்கா உறையைப் பிரித்தார். கண் ஓடியது. மறுபடி முதலிலிருந்து ஓடியது. மகளிடம் நீட்டினார். மகள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்: “அன்புடையீர், தங்களை எங்கள் குழுவில்...”

“நிறுத்துடி” என்றார் நாத்தனார். “மருந்துச் சீட்டு மாதிரி படிக்கிற. இதை இப்படியா படிக்கறது?”

பிடுங்கிக்கொண்டார். முன்னறையின் நடுவில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, தன் வாழ்நாளின் மிகச் சிறந்த குரலில், ‘தங்களை எங்கள் குழுவில் நடிகையாகச் சேர்த்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ என்ற வரியை வாசித்தார். வாசலில் நின்றிருந்த மாணவர்கள் கைதட்டினார்கள். எதிர்க்கடைக்காரர் என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தார். அவருக்காக இன்னொரு முறை வாசித்தார். பூட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா நாத்தனாரைக் கட்டிக்கொண்டு சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார்.

பயணம் மார்ச்சில் தொடங்கியது. பதினோரு ஊர்கள், முப்பத்தெட்டு ஆட்டங்கள். திரும்பி வந்த அக்காவை அந்த நவம்பர் ஞாயிறு மேடையில் பார்க்க நூற்றெண்பது இருக்கைகளும் நிறைந்தன. கடிதத்தின் நகல் ஒன்றைச் சங்கக் கோப்புக்காகக் கேட்டு வாங்கி, அதன் மேல் மூலையில் அது வந்து சேர்ந்த நாளைக் குறித்திருக்கிறேன்: 2025 பிப்ரவரி 13, வியாழக்கிழமை.